பிஎஸ்என்எல்-ஆ... ஜியோ, ஏர்டெல்லா? ‘போர்ட்’ பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

“உங்கள் பேக் நாளையுடன் முடிகிறது.” 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்துவிடுகிறது இந்த மெசேஜ். வாடகை, கேஸ், ஸ்கூல் ஃபீஸ் வரிசையில் மொபைல் ரீசார்ஜும் வீட்டுச் செலவாகி ரொம்ப நாளாச்சு. ஒரு வீட்டில் நாலு நம்பர் இருந்தால், மாதம் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது.

திருமழிசை மாதிரியான ஊரில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், பூந்தமல்லி வழியாகத் தினமும் சென்னைக்குள் போய் வருபவர்கள், வெளிமாநிலத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் என எல்லோருக்கும் செல்போன்தான் சம்பள மெசேஜ், பேங்க் ஓடிபி, யுபிஐ எல்லாமே. “எல்லாரும் பிஎஸ்என்எல்-க்கு மாறுறாங்களே, நாமும் மாறிடலாமா?” என்ற கேள்வி சும்மா எழவில்லை. மாறினால் மிச்சமாகும் பணம் எவ்வளவு? மாறினால் இழப்பது என்ன? பார்ப்போம்.

இந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தது?

2024 ஜூலை முதல் வாரம். ஜியோ, ஏர்டெல் இரண்டும் ஜூலை 3-ம் தேதியும், வோடஃபோன் ஐடியா ஜூலை 4-ம் தேதியும் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் தினமும் 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் ரூ.239-லிருந்து ரூ.299 ஆனது. 84 நாள் திட்டம் ரூ.666-லிருந்து ரூ.799-க்குப் போனது. ஏர்டெல்லின் குறைந்தபட்ச 28 நாள் திட்டம் ரூ.179-லிருந்து ரூ.199 ஆனது.

அப்போது விலையைத் தொடாத ஒரே நிறுவனம், அரசின் பிஎஸ்என்எல். விளைவு அந்த மாதமே தெரிந்தது. டிராய் கணக்குப்படி 2024 ஜூலையில் மட்டும் பிஎஸ்என்எல்-லுக்குச் சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். அதே மாதம் ஏர்டெல் சுமார் 17 லட்சம், வோடஃபோன் ஐடியா சுமார் 14 லட்சம், ஜியோ ஏறக்குறைய 7.5 லட்சம் பேரை இழந்தன.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. அந்த வேகம் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. 2024 நவம்பரில் பிஎஸ்என்எல் சுமார் 3.4 லட்சம் பேரை இழந்தது. விலைக்காக வந்தவர்களை அந்த விலையால் மட்டும் பிடித்து வைக்க முடியவில்லை.

கணக்கு போட்டுப் பார்த்தால்...

28 நாள் திட்டத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வருஷத்துக்கு 12 மாதம்தான். ஆனால் 28 நாளுக்கு ஒருமுறை போட்டால் 13 ரீசார்ஜ்!

* ரூ.239 × 13 = ரூ.3,107 (பழைய விலை)
* ரூ.299 × 13 = ரூ.3,887 (2024 ஜூலைக்குப் பிறகு)

ஒரு நம்பருக்கு வருஷத்துக்கு 780 ரூபாய் கூடுதல். நாலு நம்பர் உள்ள வீட்டுக்கு 3,120 ரூபாய்.

2024 ஜூலையில் பலரையும் இழுத்த பிஎஸ்என்எல்-லின் ரூ.199 திட்டம், 30 நாளுக்குத் தினமும் 2 ஜிபி தந்தது. நாளுக்கு 6 ரூபாய் 63 காசு. ஜியோவின் ரூ.299 திட்டம் நாளுக்கு 10 ரூபாய் 68 காசு. வித்தியாசம் நாளுக்கு நாலு ரூபாய். மூணு நாள் சேர்த்தால் ஒரு டீ. வருஷக் கணக்கில் ஒரு நம்பருக்குச் சுமார் 1,500 ரூபாய். இது நிஜமான சேமிப்புதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலையை ஏற்றாமலே கட்டணத்தை உயர்த்தும் வழி ஒன்று உண்டு: நாட்களைக் குறைப்பது. 2024-ல் 35 நாள் செல்லுபடியாகும் என்று பேசப்பட்ட பிஎஸ்என்எல் ரூ.107 திட்டத்தின் நாட்கள் பிறகு குறைக்கப்பட்டன. தனியார் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. தினமும் 1 ஜிபி தந்த ரூ.249 திட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் ஜியோ, ஏர்டெல் இரண்டுமே எடுத்துவிட்டன. அதனால் திட்டத்தின் விலையைப் பார்க்காமல், விலையை நாட்களால் வகுத்துப் பாருங்கள். எந்த நிறுவனமாக இருந்தாலும் இதுதான் சரியான அளவுகோல். விலைகள் அடிக்கடி மாறுவதால், ரீசார்ஜ் செய்யும் அன்று அந்த நிறுவனத்தின் ஆப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பிஎஸ்என்எல் 4ஜி வந்தாச்சே?

ஆமாம், வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 27-ம் தேதி ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் மோடி, உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் உருவான பிஎஸ்என்எல் 4ஜி சேவையைத் தொடங்கி வைத்தார். நாடு முழுக்க 97,500-க்கும் அதிகமான டவர்கள் அன்று திறந்து வைக்கப்பட்டன. டிசிஎஸ், தேஜஸ் நெட்வொர்க்ஸ், அரசின் சி-டாட் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய தொழில்நுட்பம் இது. ஜியோ 4ஜி-யோடு சந்தைக்கு வந்தது 2016 செப்டம்பரில். ஒன்பது வருஷ இடைவெளி!

பிஎஸ்என்எல் 4ஜி பயன்படுத்த இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, பழைய 3ஜி சிம் என்றால் 4ஜி சிம்மாக மாற்ற வேண்டும். இரண்டாவது, பிஎஸ்என்எல் 4ஜி 700 மற்றும் 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வருகிறது. உங்கள் போனில் ‘பேண்ட் 28’, ‘பேண்ட் 1’ இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸ்தான் சுவர் தாண்டி உள்ளே வரும் அலைவரிசை. அது போனில் இல்லையென்றால் டவர் பக்கத்திலிருந்தும் வீட்டுக்குள் சிக்னல் தடுமாறலாம்.

ஏர்செல் ஞாபகம் இருக்கா?

‘சீப்பான நெட்வொர்க்’ என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு ஏர்செல் நினைவு வரும். சிஎஸ்கே ஜெர்ஸியில் இருந்த பெயர். குறைந்த கட்டணத்தால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு புகுந்த நிறுவனம். 2018 பிப்ரவரியில் டவர் நிறுவனத்துக்குப் பாக்கி வைத்த தகராறில் திடீரென்று சிக்னல் போனது. மக்கள் ஏர்செல் அலுவலகங்களை முற்றுகையிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் நிறுவனம் திவால் மனு போட்டது. வேறு நெட்வொர்க்குக்கு மாற ஏப்ரல் 15 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. சிக்னலே இல்லாத போனிலிருந்து போர்ட் மெசேஜ் அனுப்ப முடியாமல் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பிஎஸ்என்எல்-லுக்கும் அதே கதி வருமா? இரண்டும் ஒன்றல்ல. பிஎஸ்என்எல் அரசு நிறுவனம். 2019, 2022, 2023 என மூன்று முறை மத்திய அரசு மீட்புத் திட்டங்களை அறிவித்து நிதி ஒதுக்கியிருக்கிறது. ஒரே நாளில் கதவை மூடிவிடும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் ஏர்செல் சொல்லிக்கொடுத்த பாடம் இன்றைக்கும் பொருந்தும்: பேங்க், யுபிஐ, கேஸ், ஆதார் எல்லாம் இணைந்திருக்கும் நம்பர், விலை குறைந்தது என்பதற்காக மட்டும் ஓர் இடத்தில் இருக்கக் கூடாது. சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

சிக்னல் நல்லா இருக்கா? யாரைக் கேட்பது?

கடைக்காரரைக் கேட்டால் ஒரு பதில், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு பதில். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்! ஏனென்றால் சிக்னல் ஊருக்கு ஊர் அல்ல, தெருவுக்குத் தெரு மாறும். மாடியில் நாலு கோடு காட்டும் போன், தகர ஷெட் போட்ட கம்பெனிக்குள் ஒரு கோடு காட்டும். இரும்புத் தகடு சிக்னலைத் தடுக்கும் என்பதுதான் காரணம்.

டிராய் உத்தரவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் சிக்னல் வரைபடம் வெளியிட்டிருக்கிறது. முதலில் அதில் திருமழிசையைத் தேடிப் பாருங்கள். ஆனால் அந்த வரைபடம் கம்பெனி ஷெட்டுக்குள் நின்று பார்த்துப் போட்டதல்ல. அதை நீங்கள்தான் சோதிக்க வேண்டும், மூன்று இடங்களில்:

1. வீடு: குறிப்பாக இரவு 8 முதல் 10 மணி வரை. எல்லோரும் போன் பார்க்கும் நேரம்.
2. வேலை பார்க்கும் இடம்: மெஷின் பக்கத்தில் நின்று.
3. போய் வரும் வழி: பூந்தமல்லி பக்கமோ வெள்ளவேடு பக்கமோ, தினமும் போகும் பஸ்ஸில்.

டிராயின் ‘மைஸ்பீடு’ ஆப்பில் இணைய வேகத்தைப் பார்க்கலாம். அதோடு ஒரு போன் காலும், ஒரு ரூபாய் யுபிஐ பரிமாற்றமும் செய்து பாருங்கள். மூன்று இடத்திலும் இவை இரண்டும் நடந்தால் அந்த நெட்வொர்க் உங்களுக்குப் போதும்.

முதலில் நம்பரை மாற்றாதீர்கள், இரண்டாவது சிம்மில் சோதியுங்கள்

பெரும்பாலானோர் செய்யும் தவறு, நேரடியாக மெயின் நம்பரைப் போர்ட் செய்வது. ஒருமுறை போர்ட் செய்தால் 90 நாள் வேறு நெட்வொர்க்குக்குப் போக முடியாது. சிக்னல் சரியில்லை என்று இரண்டாம் நாளே தெரிந்தாலும், மூணு மாசம் அதே சிம்மோடு ஓட்ட வேண்டியதுதான்.

இன்றைக்குப் பெரும்பாலான போன்களில் இரண்டு சிம் போடலாம். மலிவான நெட்வொர்க்கில் புது சிம் ஒன்று வாங்கி இரண்டாவது இடத்தில் போட்டு, ஒரு ரீசார்ஜ் காலம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். 2025 ஆகஸ்ட்டில் புது வாடிக்கையாளர்களுக்கு ஒரு ரூபாய்க்கு 30 நாள் சேவை என்று பிஎஸ்என்எல் சலுகை கொடுத்தது. அந்த மாதிரி சலுகை வரும் நேரம்தான் சோதித்துப் பார்க்கச் சரியான நேரம். சோதனைக்கு ஒரு மாதச் செலவு ஆகும் என்பது உண்மைதான். ஆனால் மெயின் நம்பரை மாட்டிக்கொண்டு மூணு மாசம் அவதிப்படுவதைவிட அது குறைவு.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நெட்வொர்க் வேண்டுமா?

வேண்டாம். பணம் மிச்சமாவது இங்கேதான்.

* பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி: பேசினால் போதும். 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் வேலை செய்யும். டேட்டா இல்லாத திட்டம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 365 நாளுக்கு ரூ.1,849-க்கும், ஜியோ 84 நாளுக்கு ரூ.448-க்கும் பேசுவதற்கு மட்டுமான திட்டங்களைக் கொண்டுவந்தன. ரூ.299 வீதம் 13 முறை போடுவதோடு ஒப்பிட்டால், ஏர்டெல் திட்டத்தில் வருஷத்துக்கு 2,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். கடைகளில் இந்தத் திட்டத்தை அவர்களாகச் சொல்வது குறைவு, கேட்டு வாங்குங்கள்.
* காலேஜ் போகும் பிள்ளை: 5ஜி போன் இருந்தால் ஜியோ, ஏர்டெல்தான் பக்கம். ஆனால் 2024 ஜூலை முதல் தினமும் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் திட்டங்களில்தான் அன்லிமிடெட் 5ஜி.
* வீட்டில் வைஃபை இருப்பவர்: வெளியே போகும்போது மட்டும் டேட்டா போதும். மூன்று இடச் சோதனையில் பாஸ் ஆனால் பிஎஸ்என்எல் நல்ல தேர்வு.
* வேலைக்குப் போய், யுபிஐ-யை நம்பி இருப்பவர்: எந்த நெட்வொர்க் வேலை இடத்தில் விடாமல் பிடிக்கிறதோ அது. நாளுக்கு நாலு ரூபாய் அதிகமானாலும் பரவாயில்லை. வராத ஒரு ஓடிபி, எடுக்க முடியாமல் போன ஒரு காண்ட்ராக்டர் கால் அதைவிட அதிகம் செலவு வைக்கும்.

சரி, மாறலாம்னு முடிவு பண்ணியாச்சு. எப்படி?

* மெசேஜில் ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்புங்கள். எட்டு எழுத்து-எண் கொண்ட குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது 4 நாள் செல்லும்.
* அந்தக் குறியீட்டோடும் ஆதார் போன்ற அடையாள ஆவணத்தோடும் புது நிறுவனத்தின் கடைக்குப் போங்கள்.
* தமிழ்நாடு நம்பர் என்றால் 3 வேலை நாட்கள். சென்னையும் இதே வட்டம்தான். பீகார், ஒடிசா மாதிரி வெளிமாநில நம்பர் என்றால் 5 வேலை நாட்கள்.
* சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தால், 7 நாள் கழித்துத்தான் போர்ட் செய்ய முடியும். மோசடியைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் வந்த விதி இது.
* பழைய சிம்மில் மிச்சமிருக்கும் பேலன்ஸும் நாட்களும் புது சிம்முக்கு வராது. அதனால் பேக் முடியப்போகும் நேரத்தில் போர்ட் செய்யுங்கள்.
* புது சிம் போட்டதும் யுபிஐ ஆப்பில் மறுபடி பதிவு செய்யச் சொல்லலாம். அதனால் சம்பளம் வரும் நாள், வாடகை கட்டும் நாளை ஒட்டி மாற்ற வேண்டாம்.

ஆக மொத்தம்...

2024-ல் லட்சக்கணக்கானோர் விலையைப் பார்த்து மாறினார்கள். சில மாதங்களிலேயே அந்த அலை திரும்பியது. அவர்களில் பலர் செய்யத் தவறியது ஒரு மாதச் சோதனையைத்தான். பிஎஸ்என்எல் இருப்பதே மற்றவர்களின் விலைக்கு ஒரு கடிவாளம். சிக்னல் கிடைக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துவது லாபம். ஆனால் எந்த நெட்வொர்க் நல்லது என்பதற்கான பதில் விளம்பரத்தில் இல்லை. உங்கள் வீட்டுச் சமையலறையிலும், கம்பெனி ஷெட்டுக்குள்ளும், பஸ் ஜன்னலோரத்திலும் இருக்கிறது. அங்கே பாருங்கள், பிறகு போர்ட் பண்ணுங்கள்!