ஜாமீன் கிடைத்த பிறகும் சிறை

"ஜாமீன் கிடைச்சிடுச்சு" என்று வக்கீல் சொன்னதுமே வீட்டார் சிறை வாசலுக்குக் கிளம்பிவிடுவார்கள். உத்தரவின் கடைசி வரிகளை அதன் பிறகுதான் யாராவது படித்துச் சொல்வார்கள்: தலா 10,000 ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவு. நம் நீதிமன்றங்களில் அன்றாடம் தட்டச்சாகும் வாசகம் இது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார்க்காரர் ரத்த உறவுக்கு எங்கே போவார்? உள்ளூர்க்காரருக்கே பெரும்பாடு. ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, சில இடங்களில் தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்று. வாடகை வீட்டில் இருப்பவரிடம் இதில் பாதி இருக்காது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் மோதி ராமை ஜாமீனில் விடச் சொன்னது உச்ச நீதிமன்றமே. தொகையை முடிவு செய்யும் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய் என்றார். 1978-இல் ஒரு கொத்தனார் அவ்வளவு பணத்தைக் கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஜாமீன் நிற்க வந்த உடன்பிறந்தவரையும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி உச்ச நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடுவித்தார். தமிழரோ மலையாளியோ வடக்கே கைதானால் என்ன செய்வார் என்றும் அந்தத் தீர்ப்பில் கேட்டார். அதே கேள்வியை இன்று திருப்பூரில் கேட்க வேண்டியிருக்கிறது.

பிணைத் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 440-ஆம் பிரிவு, அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் 484. ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் வெளியே வர முடியாதவருக்கு நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. என்னைக் கேட்டால் அந்த ஒரு மாதமே அதிகம். நீதிபதிக்கு விருப்புரிமை இருப்பது எதிரே நிற்கும் ஆளைப் பார்த்து முடிவெடுக்கத்தான். "உனக்கு யார் இருக்கிறார்கள், என்ன சம்பாதிக்கிறாய்?" என்று உத்தரவு போடும்போதே கேட்க இரண்டு நிமிடம் போதும்.

கேட்காவிட்டால் விசாரணையே கெடும். உள்ளே இருப்பவரால் சாட்சியைத் தேட முடியாது, வக்கீலிடம் நிதானமாகப் பேச முடியாது. சின்ன வழக்குகளில், ஒப்புக்கொண்டால் இருந்த நாளையே தண்டனையாகக் கழித்துவிடுவார்கள் என்று யாராவது காதில் போடுவார்கள். செய்யாத திருட்டையும் ஒப்புக்கொண்டு வெளியே வருகிறார்கள். அடுத்த முறை பிடிபட்டால் பழைய குற்றவாளி. குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு சிறையில் கழிந்தால் பிணை என்று புதிய சட்டம் தரும் சலுகை, முன்பு தண்டனையே பெறாதவருக்கு மட்டும்தான்.