வருமுன் காக்கும் வகுப்பறை

திருக்குறளில் 'மருந்து' என்னும் பெயரில் ஓர் அதிகாரம் உண்டு. அதிலுள்ள பத்துக் குறட்பாக்களுள் பல மருந்தைப் பற்றிப் பேசவில்லை. அளவறிந்து உண்டு நோய் வாராமற் காப்பதையே பேசுகின்றன. நோய் வந்தபின் மருத்துவரை நாடலாம். வருமுன் காப்பதற்கு யாரை நாடுவது? தொடக்கப்பள்ளி ஆசிரியரையே நாட வேண்டும் என்பது நம் கருத்து. ஆனால், அப்பணிக்கு அவரை நாம் ஆயத்தம் செய்திருக்கிறோமா?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரு நோய்களுக்குமான தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதிற்குட்பட்டோர் வரை அனைவருக்கும் ஊசி போடுவது நோக்கம். பள்ளிகளே அதற்கு முதன்மைக் களங்கள் ஆயின. அவ்வேளையில் கைப்பேசி வழியே வதந்திகளும் பரவின. பெற்றோர் பலர் அஞ்சினர். முகாமின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது.

நம் துறையில் பயின்று தொடக்கப்பள்ளியில் பணியாற்றும் மாணவி ஒருவர் அந்நாளில் நம்மிடம் கூறியது இன்றும் நினைவில் உள்ளது. தாய்மார் சிலர் கைப்பேசியும் கையுமாக வந்து, "டீச்சர், இந்த ஊசியைப் போட்டால் பிள்ளைக்குப் பின்னால் கெடுதல் வருமாமே, உண்மையா?" என்று கேட்டனராம். "கேட்டுச் சொல்கிறேன் அம்மா" என்பதைத் தவிர வேறொன்றும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊசி போடும் நாளன்று அவர் வகுப்பில் பிள்ளைகள் பலர் வரவில்லை.

அத்தாய்மாரைக் குறைகூறுவது எளிது. அவர்கள் கேட்டதோ நியாயமான கேள்வி. தாம் நம்பும் ஒருவரிடமே கேட்டனர். விடைதான் அவரிடம் இல்லை. சுற்றறிக்கை வந்திருந்தது, பயிற்சி வரவில்லை. ரூபெல்லா பிள்ளைகளுக்கு எளிய நோயாக வந்து போகும். கருவுற்ற தாய்க்குத் தொடக்க மாதங்களில் வந்தாலோ கருவிலுள்ள குழந்தையின் கண், செவி, இதயம் ஆகியவற்றைக் கெடுத்துவிடும். ஊசி போட்ட இடத்தில் வலியும், சில நாள் கழித்துச் சிறு காய்ச்சலும் வரலாம். அவை தாமே நீங்கும். இவ்வளவும் அவருக்குத் தெரிந்திருந்தால் அத்தாய்மாருள் சிலரேனும் தெளிவு பெற்றிருப்பர்.

தூய்மை பற்றிய பாடங்கள் பாடநூலிலேயே உள்ளனவே என்பர். பாடம் நடத்துவது வேறு. நோயை இனங்காண்பது வேறு. தட்டம்மை, உடலில் தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்னரே பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். காய்ச்சலும் இருமலும் சிவந்த கண்களுமாய் அமர்ந்திருக்கும் பிள்ளையை முதலில் காண்பவர் ஆசிரியரே. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது; அதாவது பள்ளி நடக்கும் நேரத்தில். அதன் முட்டைகள் தொட்டியின் உட்சுவரில் ஒட்டி, நீர் வற்றினும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். சத்துணவுக்கு முன் சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கமும் ஆசிரியர் உடனிருந்தால்தான் நிலைக்கும்.

ஆசிரியர்க்கு ஏற்கெனவே தேர்தல் பணி, கணக்கெடுப்புப் பணி எனச் சுமை மிகுதி என்பாரும் உளர். அது மெய்யே. குறைக்க வேண்டியது அச்சுமையை, இக்கல்வியை அன்று. ஈராண்டு ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் சில நாள்களையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழிக்கச் செய்யலாம். ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் சுகாதார ஆய்வாளரும் ஆசிரியரும் ஒருநாள் கூடலாம். பெற்றோரின் ஐயங்களுக்கு விடையளிக்கும் பயிற்சியே அதில் தலையாயதாக அமைதல் வேண்டும்.

ஜமாஅத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அத்தகைய கூட்டங்களுக்கு இடம் தாருங்கள். நீங்களும் வந்து அமருங்கள். கைப்பேசியில் வரும் செய்தியைப் பிறர்க்கு அனுப்புமுன் பள்ளி ஆசிரியரிடம் ஒரு சொல் கேளுங்கள். இம்மலரைப் படிக்கும் மாணவ மாணவியருள் பலர் நாளை ஆசிரியராவீர்கள். உங்களிடமும் ஒரு தாய் அதே கேள்வியோடு வருவார். "உட்காருங்கள் அம்மா, சொல்கிறேன்" என்று அன்று நீங்கள் சொல்லக்கூடியவராய் இருத்தல் வேண்டும்.