முகவர் யார் என்று முதலில் கேளுங்கள்

மியான்மரின் மியாவாடியில் சிக்கியிருந்த 13 தமிழர்கள் 2022 அக்டோபர் தொடக்கத்தில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். விமான நிலையத்தில் அவர்களை வரவேற்றவர், வெளிநாடுவாழ் தமிழர் நலத்துறையை அப்போது கவனித்துவந்த செஞ்சி மஸ்தான். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போனவர்கள் அவர்கள். அவர்கள் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் வெளியிட்ட எச்சரிக்கை, அந்த வேலையின் பெயரையே குறிப்பிட்டிருந்தது: ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்சிக்யூட்டிவ்’. மஸ்தான் அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்த செஞ்சித் தொகுதியிலும், பக்கத்து வல்லம் ஒன்றியத்து ஊர்களிலும் பட்டம் முடித்துவிட்டுக் கைப்பேசியில் வேலை தேடும் பிள்ளைகள், இந்தப் பெயர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெல்டருக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. செவிலியருக்குப் பதிவுச் சான்று வேண்டும். ஓட்டுநருக்கு உரிமம் வேண்டும். விற்பனை வேலைக்குப் பேச்சுத் திறமை போதும். ‘முன் அனுபவம் தேவையில்லை’ என்ற வரி மற்ற வேலைகளில் சந்தேகத்தை எழுப்பும். இங்கே இயல்பாகத் தெரியும். சம்பளத்தோடு இன்சென்டிவும் சேரும் என்பதால் எவ்வளவு பெரிய தொகையைச் சொன்னாலும் நம்பும்படி இருக்கும். கொடுமை என்னவென்றால், அங்கே போனவர்களுக்கு விற்கும் வேலைதான் தரப்பட்டது. முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் பழகி, போலி கிரிப்டோ முதலீட்டை அவர்கள் தலையில் கட்ட வேண்டும்; மறுத்தால் அடி. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. 2025 மார்ச்சில், இப்படிச் சிக்கி மீட்கப்பட்ட 549 இந்தியர்களை இரண்டே நாட்களில் விமானப்படை விமானங்கள் அழைத்துவந்தன. எச்சரிக்கை வெளிவந்து இரண்டரை ஆண்டுகள் கழிந்த பிறகும் இதுதான் நிலை.

பேராசைதான் இவர்களைக் கெடுத்தது என்று சொல்வோர் உண்டு. அதை ஏற்க முடியாது. குறிவைக்கப்பட்டவர்கள் தகவல் தொழில்நுட்பம் அறிந்த இளைஞர்கள் என்று அரசின் எச்சரிக்கையே சொல்கிறது. சமூக ஊடக விளம்பரம், துபாயிலும் இந்தியாவிலும் இருந்த முகவர்கள் என்று எல்லாம் முறையான வேலைத் தேடலைப் போலவே நடந்தது. விளம்பரத்தையும் இணையதளத்தையும் பணி ஆணையையும் யாரும் போலியாகத் தயாரித்துவிடலாம். அவற்றை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உண்மை தெரியாது. அதனால் ஆராய வேண்டியது, நடுவில் நிற்கும் ஆளை. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவரது பெயர் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் இருக்கும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் ரூ.30,000, அதற்கான ஜிஎஸ்டி; அவ்வளவுதான். ‘அவருக்கு வேண்டியவர்’ என்று ஊருக்குள் வரும் துணை முகவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பதிவு பெற்றவரும் ஏமாற்ற மாட்டாரா என்று கேட்கலாம். ஏமாற்றலாம். ஆனால் அவர் கட்டிய வங்கி உத்தரவாதமும் உரிமமும் அரசின் கையில் இருக்கின்றன. வாட்ஸ்அப் எண் மட்டுமே உள்ளவரிடம் எதைப் பிடிப்பது? உள்ளூர் விற்பனை வேலைகளுக்கு இப்படியொரு பட்டியல் கிடையாது என்பதும் உண்மை. அங்கே பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே போதும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். விநியோகஸ்தர்கள் டெபாசிட் கட்டுகிறார்களே என்றால், அது முதல் போட்டுச் செய்யும் வியாபாரம். மாதச் சம்பளத்துக்கு வருபவர் முதல் போட வேண்டியதில்லை. கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு நாள் கடத்தாமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பணம் கை மாறி மாறிப் போவதற்குள் சொன்னால்தான் வங்கிக் கணக்கை முடக்க முடியும்.

இவ்வளவையும் பிள்ளைகளின் பொறுப்பென்று விட்டுவிடுவது நியாயமல்ல. பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் ஒரு தளத்தில் ஆங்கிலத்தில் கிடந்தால், நகையை அடகு வைத்துப் பணம் தரும் தாய்க்கு அது எப்படிப் பயன்படும்? அந்தப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு வல்லம் ஒன்றிய அலுவலகத்திலும் இ-சேவை மையங்களிலும் நூலகங்களிலும் ஒட்டலாம். முகவரின் பெயரைச் சொன்னால் சரிபார்த்துச் சொல்ல ஒன்றிய அலுவலகத்தில் ஒருவரை நியமிக்கலாம். புதிய சட்டமோ பெரிய நிதியோ இதற்குத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும்.