மூன்று சென்ட் நிலமும் ஒரு மூட்டுவலியும்



திருத்தணியிலிருந்து மூத்த சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அறுபது வயதைக் கடந்தவர். கணவர் மறைந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. வீட்டின் பின்புறம் மூன்று சென்ட் நிலம் இருக்கிறது. கணவர் இருந்தவரை அதில் கத்தரியும் வெண்டையும் காய்த்தன; இப்போது பார்த்தீனியமும் நாயுருவியும் இடுப்பளவு மண்டிக் கிடக்கின்றன. சென்னையில் வேலை பார்க்கும் மகன், பாம்பு வந்துவிடும் என்று அஞ்சி, மழைக்கு முன்பே முழுவதையும் சிமெண்ட் தளமாக்கிவிட வேண்டும் என்கிறார். கொத்தனாரிடம் பேசியும் விட்டாராம். "அவர் கைபட்ட மண்ணை மூட மனம் வரவில்லை. ஆனால் குனிந்து களை பறிக்க முழங்கால் இடங்கொடுக்கவில்லை. அதிகம் பாடுபடாமல், பூச்சிமருந்து தெளிக்காமல், வீட்டுக்கு உதவும் மூலிகைகளை மட்டும் வளர்க்க வழியுண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

வழியுண்டு. அதைச் சொல்லுமுன் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மூலிகை மீது வந்த திடீர் ஆசையில், பங்குனி மாதத்தில் ஒரே நாளில் நாற்பது செடிகளை வாங்கிவந்து நட்டேன். காலையும் மாலையும் குடம் குடமாக நீர் சுமந்தேன். அக்கினி நட்சத்திரம் முடிந்தபோது எஞ்சியவை ஏழு. அந்த ஏழும் நான் அருமையாகப் பேணியவை அல்ல. ஒரு மூலையில் மறந்துபோய் விட்டிருந்த நொச்சி, பிரண்டை, சோற்றுக்கற்றாழை போன்றவையே அவை. எதை நடுவது என்பதை நம் ஆசை முடிவு செய்யலாகாது, அந்த ஊரின் வெயில்தான் முடிவு செய்யவேண்டும் என்பதை நாற்பது செடிகளின் விலையைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

திருத்தணியின் வெயிலைப் பற்றித் தனியே சொல்லவேண்டியதில்லை. மே மாதத்தில் தமிழகத்திலேயே மிக வெப்பமான ஊர்களின் பட்டியலில் வேலூரோடு அதன் பெயரும் அடிக்கடி வானொலியில் ஒலிக்கக் கேட்டிருப்பீர்கள். ஆயினும் அவ்வூருக்கு ஒரு நற்பேறு உண்டு. தென்மேற்குப் பருவமழையும் ஓரளவு கிடைக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. ஆகவே ஆடியில் நடும் செடி, கார்த்திகை வரை மழையிலேயே வேரூன்றிவிடும். அடுத்த சித்திரையில் அதற்கு ஒன்பது மாத வயது. பங்குனியில் நட்ட செடி ஒரு மாதக் குழந்தையாக வெயிலைச் சந்திக்கிறது. ஆடியில் நட்டது அவ்வாறன்று. உழைப்பைக் குறைக்கும் முதல் உபாயம் இதுதான். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இனி நிலத்திற்கு வருவோம். மூன்று சென்ட் என்பது ஏறக்குறைய 1,300 சதுர அடி. இதை ஒரே தோட்டமாக எண்ணினால் மலைப்பாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் என்னும் இருவர் 1978-இல் வெளியிட்ட நூலொன்றில் நிலைத்த வேளாண்மை குறித்து எழுதினர். அவர்கள் வளர்த்தெடுத்த முறையில், நாள்தோறும் கைபடவேண்டியவை வாயிற்படி அருகிலும், எப்போதாவது பார்த்தால் போதுமானவை கோடியிலும் அமையவேண்டும் என்பது ஒரு முக்கிய விதி. நம் பாட்டிமார் கறிவேப்பிலையைக் கொல்லைக் கதவருகே வைத்ததும் இதே கணக்குத்தான். அவர்கள் அதைப் புத்தகமாகப் போடவில்லை, அவ்வளவே.

அவ்வாறாயின் அச்சகோதரியின் பின்கதவை ஒட்டி என்ன வரவேண்டும்? சிமெண்ட் தளம்தான். ஆம், மகன் சொல்வதில் பாதி நியாயம். சுவரை ஒட்டி நான்கடி அகலத்திற்குத் தளமும், அதிலிருந்து நிலத்தின் நடுவே சக்கர நாற்காலிகூடப் போகுமளவு மூன்றடிப் பாதையும் அமைத்துவிடுங்கள். வந்த கொத்தனார் இதைச் செய்துவிட்டுப் போகட்டும். தளத்தின் ஓரத்தில் இரண்டரை அடி உயரத்தில் ஒரு செங்கல் திண்ணை கட்டச் சொல்லுங்கள். அதன்மேல் தொட்டிகள். துளசி, கற்பூரவல்லி, புதினா ஆகிய மூன்றும் அங்கே இருக்கட்டும். நாற்காலியில் அமர்ந்தபடியே நீர் ஊற்றலாம், இலை பறிக்கலாம். கற்பூரவல்லிக்குச் செடி வாங்கவே வேண்டாம். ஒரு கிளையை ஒடித்துச் செருகினால் துளிர்த்துவிடும். புதினா மட்டும் தண்ணீருக்கு ஏங்கும். நோன்புக் கஞ்சிக்கு அது வேண்டும் என்பதால் அந்தச் செல்லத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பாதையின் இருபுறமும் நடுத்தரச் செடிகள். சோற்றுக்கற்றாழை, நிலவேம்பு, எலுமிச்சைப்புல் ஆகியவை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். மரங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். கறிவேப்பிலை ஒன்று, எலுமிச்சை அல்லது நெல்லி ஒன்று, முருங்கை ஒன்று. முருங்கையை வீட்டிலிருந்து இயன்ற அளவு தள்ளி வையுங்கள். கம்பளிப்பூச்சி வரும் காலத்தில் அந்தத் தூரத்தின் அருமை புரியும். நான்கடி உயரத்திலேயே வெட்டி வெட்டி விட்டால் ஏணியின்றிக் கீரை பறிக்கலாம். வேம்பு வேண்டாம் என்பேன். அதன் பெருமையை மறுக்கவில்லை. தெருவில் இருக்கும் மரத்தின் இலை போதும்.

கோடியில் வேலி. இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. முள்கம்பிக்குச் செலவழிக்காமல் ஆடாதொடையும் நொச்சியும் கலந்து நட்டுவிடுங்கள். ஆடு தொடாத இலை என்பதால் அப்பெயர் வந்ததென்பார்கள். நொச்சியையும் ஆடு சீண்டுவதில்லை. இரண்டுமே குச்சியை ஊன்றினால் முளைப்பவை. சளிக்கு ஒன்று, நீராவி பிடிக்க ஒன்று என வேலியே மருந்துப் பெட்டியாகிவிடும். இடையிடையே மருதாணி. வறட்சிக்கு அஞ்சாதது, பூக்கும் காலத்தில் தெருவே மணக்கும். பெருநாளுக்கு முன்னிரவு பேத்திகளுக்கு அரைத்துப் போடலாம். கடையில் விற்கும் கறுப்பு மருதாணிக் கூம்புகளில் பி.பி.டி. என்னும் தலைமுடிச் சாயத்தைக் கலப்பதுண்டு. அதனால் தோல் வெந்து கொப்பளித்த பிள்ளைகள் உண்டு. வீட்டுச் செடியில் அந்த அச்சமில்லை. வேலியின்மேல் தூதுவளையையும் பிரண்டையையும் ஏற்றிவிடுங்கள். கைக்கெட்டும் உயரத்தில் படர்ந்தால் குனிய வேண்டாம். பிரண்டை நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவ மறக்கலாகாது.

செடிகளைத் தேடி அலையும்போது ஒரு செய்தி உதவும். திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. இன்றும் சற்றுத் தள்ளி நகரிப் பக்கம் போனால் கடைகளில் தெலுங்குதான். அங்கே நொச்சியை வாவிலி என்றும், ஆடாதொடையை அட்டசரம் என்றும், நிலவேம்பை நேலவேமு என்றும், கற்றாழையைக் கலபந்த என்றும், மருதாணியைக் கோரிண்ட என்றும் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

தண்ணீர்? நாளொன்றுக்கு ஐந்து வேளை ஒளுச் செய்யும் வீட்டில் தோட்டத்துக்கு நீரில்லை என்று சொல்லலாமா? நீரை வீணாக்கலாகாது என்பது நமக்குத் தெரியும். ஆயினும் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு ஒளுச் செய்பவர்களே அதிகம். அந்த நீரில் சோப்பு இல்லை. ஒளுச் செய்யும் இடத்திலிருந்து ஒரு குழாயைக் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் திருப்பிவிட்டால், நீங்கள் தொழச் செல்லும் ஒவ்வொரு வேளையும் செடிக்கும் ஒருவேளை நீர். துணி துவைத்த சோப்பு நீரைச் சமையலுக்குப் பறிக்கும் கீரைகளுக்கு விடாதீர்கள். அது வெளியேறும் வாய்க்காலில் வெட்டிவேரை வைத்துவிட்டால் அதுபாட்டுக்கு வளரும்.

கோடைக்குப் பானைப் பாசனம். மெருகிடாத மண்பானையைக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி செடியருகே புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடவேண்டும். பானையின் சுவர் வழியே நீர் கசிந்து வேருக்குப் போகும். மேல்மண் காய்ந்திருப்பதால் களை முளைப்பதும் குறையும். சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட முறை இது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். பழைய பானை இருந்தால் சுரண்டிக் கழுவிப் பாருங்கள், நுண்துளைகள் அடைபட்டவை கசியா.

களைக்கு மருந்து மூடாக்கு. திருத்தணியைச் சுற்றிலும் கரும்பும் வேர்க்கடலையும் விளைகின்றன. திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே அமைந்தது. ஆகவே கரும்புச் சோகைக்கும் கடலைத்தோலுக்கும் பஞ்சமிராது. முதலில் இரண்டு ஆட்களை ஒருநாள் கூலிக்கு வைத்து, பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள். கையுறை அவசியம், அது தோலில் தினவை உண்டாக்கும். 1950களின் நடுவில் பூனாவில் கண்டறியப்பட்ட அந்நியச் செடி இன்று நம் கொல்லை வரை வந்துவிட்டது. பிடுங்கிய இடத்தில் பழைய அட்டைப்பெட்டிகளை விரித்து நனைத்து, அதன்மேல் அரையடிக்குச் சோகையைப் பரப்பிவிட்டால் ஓராண்டுக்குக் களையின் தொல்லை பெரும்பாலும் இராது. செடியின் தண்டை மூடாக்கு தொடலாகாது. கரையான் ஏறினால் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு தூவுங்கள்.

பாம்பைப் பற்றி மகனுக்குச் சொல்லவேண்டியது: பாம்பு செடிக்காக வருவதில்லை, எலிக்காகவும் தவளைக்காகவும் ஒளியும் இடத்துக்காகவும் வருகிறது. செங்கல், விறகுக் குவியலை அகற்றுங்கள். எச்சில் சோறும் எலும்பும் எருக்குழிக்குப் போகக்கூடாது. காய்கறித் தோல் மட்டும் போகட்டும். வீட்டருகே மூடாக்கு வேண்டாம். புதர்களின் அடிக்கிளைகளைத் தரையிலிருந்து ஓரடிக்கு நீக்கிவிட்டால் கீழே என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியும். சிறியாநங்கை வைத்தால் பாம்பு அண்டாது என்று செடி விற்பவர்கள் சொல்வார்கள். அதை நம்பி இரவில் விளக்கின்றிப் போய்விடாதீர்கள்.

இன்னொன்றையும் சற்று அழுத்தியே சொல்லவேண்டும். மழைக்காலத்தில் அந்த நிலத்தில் கீழாநெல்லி தானாகவே முளைக்கும். மஞ்சள்காமாலை என்றதும் அக்கம்பக்கத்தார் அதைத் தேடிவருவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்குடன் சேர்ந்து, 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கல்லீரல் அழற்சி 'பி' கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்ததாகக் கூறினர். நம் கைவைத்தியம் உலகறிந்த நாள் அது. ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அப்பலன் உறுதிப்படவில்லை. மஞ்சள்காமாலை ஒரு நோயன்று, பல நோய்களின் அறிகுறி. பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். எங்கள் தெருவில் ஓர் இளைஞர் இரண்டு வாரம் கீழாநெல்லியை மட்டுமே நம்பியிருந்து, நினைவு தடுமாறிய பிறகே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ், ஆனால் பல வாரம் படுக்கையில் கிடந்தார். ஆகவே தேடிவருவோருக்கு இலையைக் கொடுங்கள், கூடவே இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பிவையுங்கள். சர்க்கரை நோய்க்குச் சிறுகுறிஞ்சான் தின்பவர்களும் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. அழகுக்காக நித்தியகல்யாணியோ அரளியோ இருந்தால், அவை நஞ்சு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். நித்தியகல்யாணியிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மைதான். அதற்காக அதை வீட்டில் கஷாயம் வைக்க முடியாது.

மூத்த சகோதரி அவர்களே, கொத்தனார் வரும்போது இந்தப் பக்கத்தை மகனிடம் கொடுங்கள். நான்கடித் தளமும் மூன்றடிப் பாதையும் ஒரு திண்ணையும். மீதி மண் மண்ணாகவே இருக்கட்டும். முதல் ஆண்டு வேலியையும் திண்ணையையும் மட்டும் செய்யுங்கள், மரங்களை மறு ஆடிக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் கணவர் கத்தரி போட்ட பாத்தி எதுவென்று எழுதவில்லையே? அந்த மண் பல்லாண்டு எரு தின்ற மண். எலுமிச்சைக்கு அதையே ஒதுக்குங்கள். கார்த்திகை மழை நின்றதும் எத்தனை குச்சி துளிர்த்தது என்று எழுதுங்கள். தப்பிப் பிழைத்தவற்றின் பெயர்களை இப்பக்கத்தில் வெளியிடுகிறேன்.