லாரியா, பெல்ட்டா, ரயிலா? சுரங்கத்துக்கு 'டன்னுக்கு எவ்வளவு?' கணக்கு மட்டும் ஏன் போதாது?

நிலத்தடிச் சுரங்கங்களின் நிலக்கரி உற்பத்தியை 2030-க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன்னாக உயர்த்த மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. சரி, வெட்டியாச்சு. வெட்டிய கரியை மேலே கொண்டுவருவது எப்படி?

பொதுவாக இதை முடிவு செய்வது ஒரே கேள்விதான்: டன்னுக்கு எவ்வளவு செலவாகும்? கேட்க வேண்டிய கேள்விதான், மறுப்பதற்கில்லை. ஆனா, அதற்குச் சமமாகக் கேட்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது: உள்ளே இருப்பவர் சுவாசிக்கும் காற்று என்ன ஆகும்?

டீசல் லாரி

முதலீடு குறைவு. வெட்டும் இடம் மாறினால் லாரியும் கூடவே போகும். அதனால்தான் பல உலோகச் சுரங்கங்களுக்கு லாரி பிடிக்கும். பிரச்சினை, புகை. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் அறிவித்தது. அதற்கு முக்கிய ஆதாரமே, அமெரிக்காவின் 8 சுரங்கங்களில் 12,000-க்கும் அதிகமான தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு. புகையை வெளியேற்ற ராட்சத விசிறிகள் ஓடணும். அந்த மின் கட்டணம் லாரியின் கணக்கில் வராது.

கன்வேயர் பெல்ட்

நிற்காமல் ஓடும், புகை கிடையாது. நிலக்கரிக்கு மிகவும் பொருத்தம். ஆனா, 1950 செப்டம்பர் 26-ல் இங்கிலாந்தின் கிரெஸ்வெல் சுரங்கத்தில் கிழிந்த ரப்பர் பெல்ட் ஒன்று சிக்கி, உராய்வில் தீப்பிடித்தது. 80 பேர் இறந்தார்கள். பெல்ட் எரிந்ததில் வந்த கார்பன் மோனாக்சைடுதான் எமன். எளிதில் தீப்பிடிக்காத பெல்ட்டுகள் மீது கவனம் திரும்பியது அதன் பிறகுதான்.

ரயில்

ஸ்வீடனின் கிருனா இரும்புச் சுரங்கத்தில் 1,365 மீட்டர் மட்டத்தில் ஓட்டுநர் இல்லாத மின்சார ரயில்கள் தாதுவை இழுக்கின்றன. டீசல் புகை இல்லை. ஆனா சுமார் 4 கி.மீ. நீளத் தாதுப் படிவம், பல பத்தாண்டு ஆயுள் எல்லாம் இருந்தால்தான் தண்டவாளச் செலவு கட்டுப்படியாகும். சின்னச் சுரங்கத்துக்கு இது சரிப்படாது.

அப்புறம் மாத்திக்கலாமா?

கஷ்டம். லாரிக்குச் சுமார் 7 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் அகலமான பாதை வேண்டும். பெல்ட் அதைவிடச் செங்குத்தாக ஏறும். ரயிலுக்கோ கிட்டத்தட்ட சமதளம் தேவை. ஒன்றுக்காகக் குடைந்த பாதை இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது.

அதனால் புதிய சுரங்கங்களின் திட்ட அறிக்கையிலேயே விசிறிக்கான மின்சாரம், தீ கண்டறியும் கருவிகள், தப்பிக்கும் வழி ஆகியவற்றின் செலவையும் போக்குவரத்துச் செலவோடு ஒரே அட்டவணையில் போட வேண்டும். அப்படிப் போட்டால், மலிவாகத் தெரிந்த சில தேர்வுகள் மலிவாக இருக்காது. அது தெரிய வேண்டியது பாதையைக் குடைவதற்கு முன்பு.