பொட்டலக் காகிதம் அல்ல

எச்.ஐ.வி. கிருமியை மடக்க விஞ்ஞானிகள் முதலில் குறிவைத்தது அதன் மேற்சட்டையைத்தான். ஜிபி120 என்ற அந்தப் புரதம், ரத்த வெள்ளணுவில் உள்ள சிடி4 மீது ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைய வழி செய்கிறது. அதையே தடுப்பூசியாக்கிப் பார்த்தார்கள். வைரஸோ சட்டையை மாற்றிக்கொண்டே இருந்தது. வட அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் நடந்த பெரிய சோதனைகள் 2003-ல் தோல்வியில் முடிந்தன.

வழி உள்ளேதான் இருந்தது. வைரஸின் மரபுப்பொருளைப் பொதிந்து வைத்திருக்கும் கூம்பு வடிவ உறை, பி24 என்ற ஒரே புரதத்தின் சுமார் 1,500 பிரதிகளால் ஆனது. வெறும் பொட்டலக் காகிதம் என்றே அதைப் பலரும் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் வெஸ்லி சண்ட்க்விஸ்ட் குழுவினர் 1999-ல் அந்தப் புரதத்தை வைத்துச் சோதனைக் குழாயிலேயே கூம்புகளை உருவாக்கிக் காட்டினார்கள். உறை அளவுக்கு மீறி இறுகினாலும் தளர்ந்தாலும் வைரஸ் முடங்கிவிடும் என்பது பிறகு தெரிந்தது.

அந்த அறிவின் பலன்தான் லெனகபவீர். உறையில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கும் மருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை என்று 2024-ல் முடிவு வந்தது.

விலைதான் மலைக்க வைக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். அதே மருந்தை 2027 முதல் 120 நாடுகளுக்கு 40 டாலருக்குத் தரும் திட்டம் 2025-ல் அறிவிக்கப்பட்டது. தயாரிக்கப்போவது டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ என்ற இரண்டு ஹைதராபாத் கம்பெனிகள். ஆய்வுக்கூடம் தன் வேலையை முடித்துவிட்டது. வாங்கிக் கொடுக்க வேண்டியது அரசுகள்.