கண்ணாடி கொடுத்தால் மட்டும் போதுமா?

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரி போன்ற தறிச் சத்தம் கேட்கும் ஊர்களில், மூக்குக் கண்ணாடி என்றால் அது பெரியவர்கள் சமாசாரம். நாற்பதைத் தாண்டிய நெசவாளிக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டால் பட்டிழையும் ஜரிகையும் குழம்பும். கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி தறியில் உட்காருவார். ஆனால் பள்ளிக்கூடத்துப் பெண் கரும்பலகை தெரியவில்லை என்று சொன்னால், வீட்டில் பேச்சே வேறு. “இந்த வயதில் கண்ணாடியா? போட்டால் கண் அதற்கே பழகிப் பவர் ஏறிவிடாதா? நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?”

இந்தப் பயத்தில் பாதி நியாயம் உண்டு. பவர் ஏறத்தான் செய்கிறது. ஆனால் ஏற்றுவது கண்ணாடி அல்ல. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குக் கண்விழி நீளவாட்டில் அளவுக்கு மீறி வளர்கிறது. பெரியவர்களின் விழி ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம். அதில் 1 மில்லிமீட்டர் கூடினாலே சுமார் இரண்டரைப் பவர் ஏறிவிடும். ஏழு வயதில் ஆரம்பித்த பிள்ளைக்கு ஏறுவதற்கு இன்னும் எத்தனையோ வருஷங்கள் இருக்கின்றன! மைனஸ் 6-ஐத் தாண்டியவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை கழன்று பார்வையே போகும் அபாயம் அதிகம் என்பதால்தான் டாக்டர்கள் கவலைப்படுகிறார்கள்.

சில பெற்றோர் பவரைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்வதுண்டு. மலேசியாவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2002-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில், வேண்டுமென்றே பவர் குறைத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாக ஏறியது.

தமிழ்நாட்டில் 2009-ல் ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் வந்தது. பள்ளிகளிலேயே கண்ணைச் சோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் நல்ல காரியம் அது. காசு கொடுத்து வாங்க முடியாத எத்தனையோ குடும்பங்களுக்கு அதனால் கரும்பலகை தெரிந்தது. ஆனால் வளரும் கண்ணுக்கு ஒரு கண்ணாடி எத்தனை நாள் தாங்கும்? ஆறாம் வகுப்பில் கொடுத்தது எட்டாம் வகுப்பில் செல்லாக் காசாகிவிடலாம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சோதித்தாக வேண்டும். அப்படிச் சோதித்தாலும், சாதாரணக் கண்ணாடி பார்வையைத் திருத்துமே தவிர, விழியின் வளர்ச்சியை நிறுத்தாது.

நிறுத்த முடியாவிட்டாலும் மட்டுப்படுத்த வழி உண்டு. ஹாங்காங்கில் உருவான ஒருவகை விசேஷக் கண்ணாடி, இரண்டு வருஷச் சோதனையில் பவர் ஏறும் வேகத்தைப் பாதியளவு குறைத்தது. ஆனால் இந்த ரகக் கண்ணாடிகளின் விலை சாதாரணக் கண்ணாடியைப் போலப் பல மடங்கு. கூலி நெசவாளி எங்கே போவார்? அட்ரோபின் என்ற மருந்தை மிகமிக நீர்க்கச் செய்து, இரவில் ஒரு சொட்டு விடுவது இன்னொரு வழி. 0.05 சதவீத மருந்து ஹாங்காங்கில் நல்ல பலன் தந்தது, 0.01 சதவீத மருந்தோ, 2023-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில் பலன் தரவில்லை. அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் கண் டாக்டர்தான். (இந்த மருந்துச் சத்து ஊமத்தையிலும் உண்டு என்று கேள்விப்பட்டு யாரும் சாறு பிழியக் கிளம்ப வேண்டாம், கண்ணே போய்விடும்.)

கிட்டப்பார்வை இன்னும் வராத பிள்ளைகளுக்கு உள்ள வழி, காசில்லாதது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் 6 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெட்டவெளியில் இருக்கச் செய்தார்கள். மூன்று வருஷத்தில் மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதந்தான். தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 2 மணி நேரம் வெளியே அனுப்பத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போன கணக்கு அங்கே பிறகு இறங்கியது.

நம் பள்ளிகளிலும் விளையாட்டுப் பீரியட் இருக்கிறது, அட்டவணையில். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்கிவிடுவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படி வாங்க வேண்டாம் என்று 2023-ல், அப்போது விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று தென்னேரியில் இருக்கிறது. கரை நெடுக வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அந்த வெயில் சாயும் நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு டியூஷன் வைக்கிறார்கள்.